டோக்கன் கான்ட்ராக்டில் கோளாறு எங்கே? அறிகுறியைப் பிடித்துக்கொண்டு தேடும் வழி

போன வருஷம் குறுவை அறுவடை முடிந்த கையோடு பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். “அண்ணே, வாங்குறப்ப ஒழுங்கா வாங்குச்சு. இப்ப விக்கப்போனா மாட்டேங்குது. நெட்டு பிரச்சினையான்னு கொஞ்சம் பாருங்களேன்” என்றான். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த பணத்தில் 40,000 ரூபாயை ஒரு டோக்கனில், அதாவது ஒரு கிரிப்டோ நாணயத்தில், போட்டிருந்தான். போன் திரையில் அது ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றது. எடுக்கத்தான் வழியில்லை.

டோக்கன்களை பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் இயக்கும் நிரலுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயர். அதை வரிவரியாகப் படித்து ஓட்டை தேடுவதுதான் என் வேலை, ஆடிட் என்பது இதைத்தான். கும்பகோணத்தில் அரசலாற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே செய்கிறேன். தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் சாலிடிட்டி (அந்த நிரல்களை எழுதும் மொழி) படித்த பிள்ளைகள், ஆடிட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கும்போதெல்லாம் அந்தத் தம்பியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அவன் ஓட்டையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை, ஒரு அறிகுறியோடு வந்தான். அதனால் இதையும் அறிகுறி வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால், ஷட்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். சாவி வைத்திருக்கும் பணியாளரான லஸ்கரைத் தேடிப் போவார்கள். டோக்கனிலும் அதே கேள்விதான். இந்த வரியைத் திறக்கவும் அடைக்கவும் யாரால் முடியும்?

கை வைக்கும் முன்

கான்ட்ராக்டின் முகவரியை டோக்கன் பெயரைத் தேடி எடுக்காதீர்கள். ஒரே பெயரில் நூறு டோக்கன் உருவாக்கலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. கையில் இருக்கும் பரிவர்த்தனையைத் திறந்து, அதிலிருந்து முகவரியை எடுங்கள். பிளாக்செயினில் நடப்பதைக் காட்டும் எதர்ஸ்கேன் மாதிரி எக்ஸ்ப்ளோரர் தளத்தில், மூலக்குறியீடு சரிபார்க்கப்பட்டு எல்லோரும் படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அதையே முதல் குறையாக எழுதிவிடுங்கள். அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்திருக்கிறவர் கணக்கை மறைக்கக் கூடாது.

அப்புறம் ஃபவுண்ட்ரி என்ற சோதனைக் கருவியில் பிளாக்செயின் சங்கிலியின் நகல் ஒன்றை உங்கள் கணினியிலேயே எழுப்புங்கள். ஃபோர்க் என்கிறோமே, அதுதான். நிஜ இருப்பு, நிஜ விலை எல்லாம் அதில் இருக்கும், பணம் மட்டும் போகாது. கீழே சொல்லும் சோதனை ஒவ்வொன்றையும் அந்த நகலில்தான் செய்ய வேண்டும். அடுத்தவருடைய ஓடும் கான்ட்ராக்டில் கை வைத்துப் பார்ப்பது ஆடிட் ஆகாது.

அறிகுறி: வாங்க முடிகிறது, விற்க முடியவில்லை

அதிகம் வருவது இதுதான். எல்லாமே மோசடி என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்லிப்பேஜ் அளவை, அதாவது விலை எவ்வளவு வரை நழுவினால் ஏற்பேன் என்ற வரம்பை, குறைத்து வைத்திருந்தாலும் விற்பனை தோற்கும். டோக்கனை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் அப்ரூவ் கொடுக்காமல் விற்கப் போனாலும் தோற்கும். பரிமாற்றத்தில் வரி பிடிக்கும் டோக்கனை, ஒன்றுக்கு ஒன்று மாற்றும் சாதாரண ஸ்வாப் ஃபங்ஷனில் விற்றாலும், எதிர்பார்த்த அளவு போய்ச் சேராமல் ரிவர்ட் ஆகும், அதாவது முழுப் பரிவர்த்தனையும் ரத்தாகிவிடும். அதற்கென்றே, டோக்கன் மாற்றும் தளமான யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பில், ஸ்வாப்பை நடத்தும் ரௌட்டர் கான்ட்ராக்டில் தனி ஃபங்ஷன்கள் உண்டு. இந்த மூன்றையும் முதலில் கழித்துவிடுங்கள்.

அடுத்து, விற்பனைக் குளத்தின் (வாங்க, விற்க டோக்கன் இருப்பை வைத்திருக்கும் கான்ட்ராக்ட்) முகவரிக்கு டோக்கன் அனுப்பியவர்கள் யார் யார் என்று பரிவர்த்தனைப் பட்டியலில் பாருங்கள். ஆயிரம் பேர் வாங்கியிருக்க, விற்றவர்கள் இரண்டே முகவரிகள் என்றால் கோளாறு கான்ட்ராக்டுக்குள்தான். இப்போது குறியீட்டைத் திறந்து, டோக்கன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் உள் ஃபங்ஷனுக்கு நேராகப் போங்கள். பலரும் பயன்படுத்தும் ஓப்பன்ஜெப்லின் நூலகத்தின் ஐந்தாம் பதிப்பில் அதன் பெயர் அப்டேட், பழையவற்றில் டிரான்ஸ்ஃபர். அங்கே தேட வேண்டியவை: தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல், வியாபாரம் திறந்திருக்கிறதா என்று ஆம் அல்லது இல்லை குறிக்கும் கொடி, ஒருமுறைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு, விற்கும்போது பிடிக்கும் வரி, வேறொரு கான்ட்ராக்டை அழைக்கும் குறியீட்டு வரி. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப ஆபத்து. தடுக்கும் வேலை சரிபார்க்கப்படாத இன்னொரு கான்ட்ராக்டில் ஒளிந்திருக்கும். நீங்கள் படிக்கும் குறியீடு சுத்தமாகவே தெரியும்.

தம்பியின் டோக்கனில் இருந்தது உச்சவரம்பு. பெறுபவர் விற்பனைக் குளமாக இருந்தால் மட்டும் அளவைச் சரிபார்க்கும் ஒரு நிபந்தனை. வாங்கும்போது டோக்கனை அனுப்புவது குளம், பெறுபவர் அவன். அதனால் அந்த நிபந்தனை அவனைத் தொடவே இல்லை. வரம்பை மாற்றும் ஃபங்ஷனுக்குக் கட்டணத்தைப் புதுப்பிப்பது என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு மூன்று எண்கள் போகும். இரண்டு கட்டணத்துக்கு, மூன்றாவது வரம்புக்கு. அவன் வாங்கிய மூன்றாம் நாள் இரவு உரிமையாளர் அதை அழைத்திருந்தார். மூன்றாவது எண் 1. ஒரு டோக்கன் வரை விற்கலாம் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 18 தசம இடம் உள்ள டோக்கனில் அந்த 1, நூறு கோடியை நூறு கோடியால் பெருக்கி வரும் எண்ணில் ஒரே ஒரு பங்கு. அந்த வரியை நான் விரலால் தொட்டுக் காட்டியபோது அவன் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப நெட்டு இல்லையாண்ணே” என்று மட்டும் கேட்டான்.

சோதனை செய்யும் முறை: ஃபோர்க்கில் எந்தச் சலுகையும் இல்லாத புது முகவரி ஒன்றை எடுத்து, அதில் வாங்கி, அப்ரூவ் கொடுத்து, விற்றுப் பாருங்கள். உரிமையாளர் முகவரியில் செய்தால் பயனில்லை. கட்டுப்பாடுகளிலிருந்து அவருக்கு விலக்கு இருக்கும். விற்பனை போகிறது என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். கொடி, வரி, வரம்பு இவற்றை மாற்றும் ஃபங்ஷன் ஒவ்வொன்றையும் உரிமையாளராக அழைத்து, மிக மோசமான எண்ணைக் கொடுத்து, மறுபடி விற்றுப் பாருங்கள். வரியை 100 சதவீதம் வரை ஏற்ற முடிகிறதா? அப்படியானால் இன்று 5 சதவீதம் என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் பணம் போட முடியாது. 2021 நவம்பரில் ஸ்க்விட் கேம் பெயரைப் போட்டுக்கொண்டு வந்த டோக்கன் ஒன்று 2,800 டாலருக்கு மேல் ஏறி, சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போனது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை என்ற புகார் விழுவதற்கு முன்பே வந்துவிட்டது. விற்பனையை இப்படிச் சோதித்துப் பார்த்திருந்தால் விலை ஏறிக்கொண்டிருக்கும்போதே தெரிந்திருக்கும்.

சரிசெய்ய, எழுதும் குழுவுக்கு நான் சொல்வது: வரிக்கும் வரம்புக்கும் தாண்ட முடியாத எல்லையைக் குறியீட்டிலேயே மாறிலியாக எழுதுங்கள். வியாபாரத்தைத் திறக்கும் கொடி ஒருமுறை திறந்தால் மறுபடி மூட முடியாதபடி இருக்கட்டும்.

அறிகுறி: யாரும் பெரிதாக விற்கவில்லை, ஆனாலும் விலை விழுகிறது, எங்கிருந்தோ ஒரு முகவரியில் மலையளவு டோக்கன்

புதிதாக அச்சடிக்கிறார்கள். அச்சடிக்கும் ஃபங்ஷனுக்கு வழக்கமாக வைக்கும் மின்ட் என்ற பெயரைத் தேடி, அதற்குக் காவல் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. ஆனால் கெட்ட எண்ணத்தோடு எழுதுகிறவர் மின்ட் என்று பெயர் வைக்கமாட்டார். அதனால் பெயரை விட்டுவிட்டு, முகவரிவாரியான இருப்புக் கணக்கு இருக்கும் மேப்பிங் பட்டியலில் எந்தெந்த வரிகள் எழுதுகின்றன என்று ஒன்று விடாமல் பட்டியல் போடுங்கள். சாதாரண டோக்கனில் நாலைந்து இடம்தான் இருக்கும். சாலிடிட்டிக்கு நடுவே கீழ்மட்ட மொழியில் எழுதும் அசெம்ப்ளித் துண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். பரிமாற்றத்தை அறிவிக்கும் டிரான்ஸ்ஃபர் ஈவென்ட்டை வெளியிடாமலே இருப்பைக் கூட்டும் வரி சிக்கினால், எக்ஸ்ப்ளோரர் காட்டும் கணக்கு பொய்யாகிவிடும். அது ஈவென்ட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறது.

இதற்கு ஒரு நல்ல பொறி உண்டு. எல்லோருடைய இருப்பையும் கூட்டினால் மொத்த அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்ற விதியை, அது எப்போதும் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கும் இன்வேரியன்ட் சோதனையாக எழுதி, ஃபவுண்ட்ரியிலோ எக்கிட்னா என்ற கருவியிலோ ஓடவிடுங்கள். கண்ணுக்குத் தப்பியது அதில் விழும்.

கெட்ட எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். 2018 ஏப்ரலில் பியூட்டிசெயின் என்ற டோக்கனுக்கு நேர்ந்ததைப் புதிதாக வருகிறவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் ஃபங்ஷன் அது. பெறுபவர்களின் எண்ணிக்கையை, ஆளுக்கு எவ்வளவு என்பதால் பெருக்கி மொத்தத்தைக் கண்டுபிடிக்கும். அந்த மொத்தம் அனுப்புகிறவரின் இருப்பில் இருக்கிறதா என்று பார்க்கும். தாக்கியவர் இரண்டு பேரைக் கொடுத்தார், ஆளுக்கு 2-இன் 255-ஆவது அடுக்கு. அது 77 இலக்க எண். இரண்டால் பெருக்கினால் 2-இன் 256-ஆவது அடுக்கு. 256 பிட் கூட்டில் அது கொள்ளாது. 99999-க்கு அப்புறம் 00000 என்று திரும்பும் பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி மொத்தம் சுழியமாகிவிட்டது. சுழியம் யாரிடம்தான் இல்லை? சோதனை தேறியது. அனுப்பியவரிடமிருந்து சுழியம் கழிந்தது, பெற்ற இருவருக்கும் அந்த 77 இலக்க எண் சேர்ந்தது. என்னை இன்றும் உறுத்துவது என்னவென்றால், கூட்டலுக்கும் கழித்தலுக்கும், எண் நிரம்பி வழியாமல் காக்கும் சேஃப்மேத் போட்டிருந்தார்கள். அந்த ஒரு பெருக்கலில் மட்டும் விட்டுப்போனது.

2020 டிசம்பரில் வந்த சாலிடிட்டி 0.8 முதல் இப்படி நிரம்பி வழிந்தால் தானாகவே ரிவர்ட் ஆகும். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். அன்செக்ட் (unchecked) என்று குறித்த தொகுதிக்குள் அந்தக் காவல் கிடையாது. பெரிய எண் வகையைச் சிறியதாக மாற்றும்போதும் மேல் இலக்கங்கள் சத்தமில்லாமல் வெட்டுப்படும்.

உரிமையைத் துறந்துவிட்டோம் என்று சொன்னால், ஓனர் முகவரி சுழியமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். இன்னொரு மாறியில் வேறொரு முகவரி உட்கார்ந்திருக்கும். அனுப்பியவர் யார் என்று ஒப்பிடும் ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.

அறிகுறி: 100 அனுப்பினால் 97 வருகிறது, ஸ்டேக்கிங்கில் கடைசியாக எடுக்க வருபவருக்குக் காசில்லை

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடையில் திறந்த தண்ணீரின் அளவைக் கடைமடைக் கணக்கில் எழுதக் கூடாது. பரிமாற்றத்தில் வரி பிடிக்கும் அல்லது எரிக்கும் டோக்கனில், அனுப்பச் சொன்ன அளவும் வந்து சேர்ந்த அளவும் வேறு. வருமானத்துக்காக டோக்கனைப் போட்டு வைக்கும் ஸ்டேக்கிங் கான்ட்ராக்ட் 100 வந்ததாகக் குறித்துக்கொள்ளும், கையில் 97 இருக்கும். முதலில் எடுப்பவர்கள் முழுசாக எடுத்துப் போக, பற்றாக்குறை முழுவதும் கடைசி ஆள் தலையில் விழும்.

2020 ஜூனில், டோக்கன் மாற்றும் தளமான பேலன்சரின் ஒரு குளத்தில் இதை வைத்தே சுமார் 5 லட்சம் டாலர் எடுத்தார்கள். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 1 சதவீதம் எரியும் எஸ்டிஏ டோக்கன் அதில் இருந்தது. மாற்றி மாற்றி வாங்கி விற்று, குளத்தில் அதன் இருப்பை ஆகச் சிறிய ஒரு அலகுக்குக் கொண்டுவந்து, அதன் விலையை வானத்துக்கு ஏற்றி, மற்ற டோக்கன்களை அள்ளினார்கள். திருத்தம் எளிது. வாங்கும் முன் இருப்பைப் பாருங்கள், வாங்கிய பின் பாருங்கள், வித்தியாசத்தை மட்டும் வரவு வையுங்கள். அல்லது இப்படிப்பட்ட டோக்கன்களை ஏற்பதில்லை என்று குறியீட்டிலேயே தடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லா டோக்கனிலும் ஓடுகிறது, டெதரில் மட்டும் ரிவர்ட்

எதீரியம் பிளாக்செயினில் இருக்கும், டாலரோடு விலை பிணைத்த டெதர் டோக்கனின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராது. எதீரிய டோக்கன்களுக்கான பொது விதியான இஆர்சி-20 தரப்படி உண்மை அல்லது பொய் வரும் என்று காத்திருக்கும் கான்ட்ராக்ட் அங்கே தடுக்கி விழும். தவிர, ஏற்கெனவே கொடுத்த அப்ரூவலைச் சுழியமாக்காமல் புது அளவு கொடுத்தால் அது மறுக்கும். தசம இடமும் 18 கிடையாது, 6. ஓப்பன்ஜெப்லினின் சேஃப்இஆர்சி20 முதல் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். தசமத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறானதும் உண்டு. தோற்றாலும் ரிவர்ட் ஆகாமல் பொய் என்று மட்டும் திருப்பும் டோக்கன்கள். பதிலைச் சரிபார்க்காமல் விட்டால் வராத பணத்துக்கு வரவு வைத்துவிடுவீர்கள்.

அறிகுறி: டிரேஸில் (பரிவர்த்தனைக்குள் நடந்த அழைப்புகளின் பதிவு) ஒரே ஃபங்ஷன் தனக்குள் தானே திரும்பத் திரும்ப வருகிறது

ரீஎன்ட்ரன்சி. பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம் கணக்கைக் கழிக்கிறார்கள். பெறுபவர் ஒரு கான்ட்ராக்டாக இருந்தால், கணக்கு கழியும் முன்பே மறுபடி உள்ளே வந்து கேட்கும். 2016 ஜூனில் தி டிஏஓ என்ற கூட்டு முதலீட்டு நிதியிலிருந்து, எதீரியத்தின் நாணயமான ஈதர் சுமார் 36 லட்சம் போனது இப்படித்தான். அதன் பின்விளைவாக எதீரியம் சங்கிலியே இரண்டாகப் பிரிந்தது. வரிசையை மாற்றுங்கள்: சரிபார், கணக்கைக் கழி, கடைசியாக அனுப்பு. மேலே, மறுபடி உள்ளே வருவதைத் தடுக்கும் நான்ரீஎன்ட்ரன்ட் பூட்டு ஒன்று.

ஈதர் அனுப்பும் இடத்தில் மட்டும்தான் இது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இஆர்சி-777 என்ற இன்னொரு தரத்தில் எழுதிய டோக்கன்கள் பரிமாற்றத்தின்போது சம்பந்தப்பட்டவரின் கான்ட்ராக்டை அழைக்கும். 2020 ஏப்ரலில் லெண்ட்எஃப்.மீ என்ற கிரிப்டோ கடன் தளம் அந்த வழியில் சுமார் 2.5 கோடி டாலரை இழந்தது.

அறிகுறி: நேற்று படித்த குறியீடு வேறு, இன்று நடப்பது வேறு

நீங்கள் படித்தது ப்ராக்ஸியாக இருக்கலாம். அது வெறும் வாசல், வேலை நடப்பது பின்னால் உள்ள வேறொரு கான்ட்ராக்டில். இஐபி-1967 தரப்படி எழுதியிருந்தால் பின்னால் உள்ள முகவரி ஒரு குறிப்பிட்ட சேமிப்பு இடத்தில் இருக்கும், எக்ஸ்ப்ளோரரே காட்டும். அதை மாற்றும் உரிமை யாரிடம்? ஒரே ஆளின் சாவியிலா, பலர் கையெழுத்திடும் வாலட்டிலா, இடையில் சில நாள் காத்திருப்பு இருக்கிறதா என்று கண்டுபிடித்து, முகவரியோடு அறிக்கையில் எழுதுங்கள்.

பின்னால் உள்ள கான்ட்ராக்டில் தொடக்கத்தில் உரிமையாளரை நியமிக்கும் இனிஷியலைஸ் ஃபங்ஷன் திறந்து கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். 2017 நவம்பரில் பாரிட்டி வாலட்டுகளின் பொது நூலகக் கான்ட்ராக்டை யாரும் இனிஷியலைஸ் செய்யாமல் விட்டிருந்தார்கள். வெளியாள் ஒருவர் அதை அழைத்து உரிமையாளராகி, கான்ட்ராக்டையே அழித்துவிட்டார். அதை நம்பியிருந்த வாலட்டுகளில் 5,13,000-க்கும் மேற்பட்ட ஈதர் அப்படியே முடங்கிவிட்டது. கான்ட்ராக்ட் உருவாகும்போது ஒருமுறை ஓடும் கன்ஸ்ட்ரக்டரில், இனிஷியலைஸரை அடைக்கும் ஒரே ஒரு வரி போதும்.

மேம்படுத்தியதும் உரிமையாளர் முகவரி அர்த்தமில்லாத எண்ணாகிவிட்டது என்றால், புது மாறியைப் பழையவற்றின் நடுவில் செருகியிருக்கிறார்கள். சேமிப்பு இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. புதியவை எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும்.

அறிகுறி: நான் எதுவும் அனுப்பவில்லை, டோக்கன் போய்விட்டது

கான்ட்ராக்டைப் படிக்கும் முன் வாலட்டைப் பாருங்கள். எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்குக் கொடுத்த வரம்பில்லாத அப்ரூவல் இருக்கும், அல்லது பெர்மிட் கையெழுத்து ஒன்று போட்டிருப்பீர்கள். பெர்மிட்டில் கட்டணம் கேட்காது, வெறும் கையெழுத்துதானே என்று தோன்றும், ஆனால் டோக்கனை எடுக்கும் அனுமதி அதிலேயே இருக்கிறது. போன டோக்கன், அப்ரூவலை வைத்து அடுத்தவர் எடுக்கும் டிரான்ஸ்ஃபர்ஃப்ரம் வழியாகப் போயிருந்தால் உடனே அப்ரூவலை ரத்து செய்யுங்கள். உங்கள் முகவரியிலிருந்தே நேரடியாகப் போயிருந்தால் வாலட்டின் ரகசியச் சாவி வெளியே போய்விட்டது. ரத்து செய்வது உதவாது, மிச்சத்தைப் புது வாலட்டுக்கு மாற்றுங்கள். மீட்பு வார்த்தைகளை யாருக்கும் சொல்லாதீர்கள். ஆடிட்டருக்கு அது தேவையே இல்லை, கேட்கிறவர் ஆடிட்டரும் இல்லை.

பணம் போனதும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். தம்பியை நான் அழைக்கவைத்தேன். அந்த வாரமே, பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் 8,000 ரூபாய் கட்டுங்கள் என்று ஒரு செய்தி அவனுக்கு வந்தது. இப்படி வருகிறவர்கள் இரண்டாவது திருடர்கள். வீட்டில் இருக்கிறவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அறிகுறி: ஸ்லிதர் (குறியீட்டைத் தானாக அலசும் கருவி) நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை தருகிறது, அல்லது ஒன்றுமே தரவில்லை

எச்சரிக்கை நிறைய வந்தால், நூலகக் கோப்புகளில் வந்தவற்றை ஒதுக்கிவிட்டு, பணம் நகரும் ஃபங்ஷன்களில் வந்ததை முதலில் எடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால்தான் நான் நிதானமாக உட்காருவேன். கருவிகள் எழுத்துப் பிழையைப் பிடிக்கும், நியாயப் பிழையைப் பிடிக்காது. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில், ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பும் ஃப்ளாஷ் கடனை வாங்கி, அதை வாக்குரிமையாக மாற்றி, தங்கள் தீர்மானத்தைத் தாங்களே நிறைவேற்றிக்கொண்டு பணத்தை எடுத்துப்போனார்கள். திட்டத்துக்கு நேர்ந்த இழப்பு சுமார் 18 கோடி டாலர். ஒவ்வொரு வரியும் எழுதியபடியேதான் ஓடியது. கடன் வாங்கிய டோக்கனுக்கு அன்றைக்கே வாக்குரிமை உண்டா என்ற கேள்வியை ஆள்தான் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே ஆடிட் ஆனது என்று அறிக்கையை நீட்டினால், அதில் எந்தக் கமிட்டை (குறியீட்டின் எந்தப் பதிப்பை) பார்த்தார்கள், எந்தக் கோப்புகளைப் பார்த்தார்கள் என்று படியுங்கள். அந்தக் கமிட்டை நீங்களே கம்பைல் செய்து, சங்கிலியில் ஓடும் இயந்திரக் குறியீடான பைட்கோடோடு ஒப்பிடுங்கள். கம்பைலர் பதிப்பும் ஆப்டிமைசர் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் வரும் மெட்டாடேட்டா துண்டு மாறினால் பரவாயில்லை. மற்றது மாறினால் அந்த அறிக்கை வேறொரு கான்ட்ராக்டைப் பற்றியது.

உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும், அதைக் காட்டிய சோதனைக் கோப்பையும் ஃபோர்க் எடுத்த பிளாக் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். குழு திருத்தி அனுப்பியதும் அதே கோப்பை மறுபடி ஓட்டுங்கள். தம்பியின் டோக்கனுக்கு நான் எழுதிய கோப்பு 30 வரிகூட இருக்காது. அதை அவனிடமே கொடுத்துவிட்டேன். இப்போது யாராவது ஒரு முகவரியை அனுப்பி இதை வாங்கலாமா என்று கேட்டால், அவனே மடிக்கணினியைத் திறந்து முகவரியை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கிறான். சந்தேகம் வந்தால் மட்டும் எனக்குப் போன் வருகிறது.